நாற்பத்தேழு பேருக்குக் கணக்குப் பாடம்

2007 ஜூன் 5, செவ்வாய்

மழை. ஆறு மணிக்கு விழிப்பு. தன்சானியாவில் இப்போது பகல் ஒரு மணி. நான்காம் படிவத்துக்குக் கணக்குப் பாடம். நடக்காது. கணக்கு ரீச்சர் இங்கே செயின்ட்-மிஷேலில் கட்டிலில் கிடந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

வந்து ஒன்பது நாள். காது இரைச்சல் நின்றுவிட்டது. சாப்பாடு இறங்குகிறது. ஆறு கிலோ குறைவு. பாவாடை இடுப்பில் நிற்காது, ஊசி குத்தியிருக்கிறேன்.

செய்ய:
– டாக்டர், வியாழன் 10.15. ஆஸ்பத்திரிக் கடதாசிகள் எல்லாம் எடுத்துப் போக.
– குடை (பழையது பஸ்ஸோடு போயிற்று).
– மெலனிக்கு ரெலிபோன்.

எடுத்தேன். என்னைத் தன்சானியாவுக்கு அனுப்பிய அமைப்பில் மெலனிதான் எல்லாம் பார்ப்பவள். முப்பது வயது இருக்கும். நல்ல பிள்ளை, குரலில் எப்போதும் சர்க்கரை. ஜனவரியில் ஒரு வருடத்துக்கென்று போனேன். மே மாதம் இரண்டாம் தடவையாக மலேரியா. மொரோகோரோ ஆஸ்பத்திரியில் பதினொரு நாள். எழும்பி உட்கார்ந்தபோது ரிக்கற் தயாராக இருந்தது. நான் கேட்கவில்லை.

"ஓய்வெடுங்கள், தெரேஸ்," என்றாள் மெலனி. திரேசம்மா என்று சொல்ல வராது அவளுக்கு. "ஐம்பத்தாறு வயதில் இவ்வளவு செய்ததே பெரிய விஷயம்."

பெரிய விஷயம் அல்ல. பாடத்திட்டத்தில் பாதி கிடக்கிறது. ஒக்டோபரில் அரசாங்கச் சோதனை. நாற்பத்தேழு பிள்ளைகள். ஓய்வாம்.

ஜூன் 7, வியாழன்

வெயில். டாக்டர் இளம் பெடியன், தாடி. இரத்தம் சுத்தம், ஈரல் சுத்தம். நிறை கூட வேண்டும், அவ்வளவுதான். மாத்திரையை ஒழுங்காகப் போட்டால் திரும்பிப் போகலாமா என்றேன். போகலாம் என்று எழுதியே தந்தான். கடிதத்தை இரண்டு பிரதி எடுத்தேன்.

அங்கே ஒரு படிவம் நிரப்பச் சொன்னார்கள். தொழில் என்ற இடத்தில் 'ஆசிரியர்' என்று எழுதினேன். இந்த நகரத்துக்கு வந்து பதினேழு வருடம். அந்தச் சொல்லை இங்கே ஒரு படிவத்தில் எழுதியது இன்றுதான் முதல்.

மன்னாரில் பதினொரு வருடம் கணக்குப் படிப்பித்தவள். இங்கே வந்து சான்றிதழைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆறு மாதம் வைத்திருந்துவிட்டு, இது இங்கத்தைய உயர்பள்ளிப் படிப்புக்குச் சமம், ஆசிரியராக வேண்டுமானால் பிரெஞ்சில் நாலு வருடம் பல்கலைக்கழகம் என்றார்கள். கையில் எட்டு வயதுப் பிள்ளை. பதில் வந்த மூன்றாம் நாளே தையல் ஃபக்டரி. குளிர் கோட்டுக்குக் கொலர் தைப்பது. பதினைந்து வருடம் கொலர் மட்டும். ஒரு முழுக் கோட்டு நான் தைத்ததில்லை. ஃபக்டரி மூடினபோது எல்லோரும் அழுதார்கள். நான் அழவில்லை. வீட்டுக்கு வந்து, கணக்கு ரீச்சர் தேவைப்படுகிற இடம் உலகத்தில் எங்கே இருக்கிறது என்று தேடினேன்.

உதவி செய்யப் போனதாக எல்லோரும் நினைக்கிறார்கள். படிப்பிக்கப் போனேன். இரண்டும் ஒன்றல்ல.

ஜூன் 9, சனி

லவாலுக்கு, மகள் வீட்டுக்கு. இப்போது மெட்ரோ அங்கே வரை போகிறது, நான் இல்லாத நேரம் திறந்துவிட்டார்கள். நீலக் கோடு, பிறகு செம்மஞ்சள், ஏறி இறங்கினால் லவால். முந்தி ஒன்றரை மணித்தியாலம்.

பேத்தி எலினாவுக்கு எட்டு மாதம். நான் போகும்போது கைக்குள் கிடந்தது. இப்போது தவழ்கிறது. என்னைக் கண்டு அழுதது. நியாயம்.

ஷாமினி மீன் குழம்பு வைத்திருந்தாள். நான் மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டேன். அதைப் பார்த்து அவளுக்குச் சந்தோஷம். பிறகு ஆரம்பித்தாள்.

"அம்மா, நான் ஓகஸ்ற் கடைசியில வேலைக்குத் திரும்ப வேணும். பகலில பிள்ளையை விடுற garderie-யில இன்னும் இடம் இல்லை. இருநூறு பேருக்குப் பின்னால நிக்கிறம்."

"ம்."

"நீங்கள் இஞ்ச நிண்டா நல்லம்."

"எனக்கு ஜூலை ஒன்பதாம் திகதி பள்ளிக்கூடம் தொடங்குது."

கரண்டியை வைத்தாள். "திரும்பப் போகப் போறீங்களோ?"

"ஓம்."

"செத்துப் போயிருப்பீங்கள், அம்மா."

"சாகேல்லை."

மருமகன் ரூபன் ஹொக்கி மறுஒளிபரப்புப் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தத்தைக் குறைத்தார். அவர் சத்தத்தைக் குறைத்தால் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

திரும்பும்போது மெட்ரோவில் மாற வேண்டிய நிலையத்தைத் தவறவிட்டேன். மலேரியாவா கோபமா தெரியவில்லை.

ஜூன் 10, ஞாயிறு

பூசை. முடிந்து வாசலில் சவரியண்ணை பிடித்தார். மன்னார் ஆள். பங்கில் எல்லாக் காரியத்துக்கும் அவர்தான் முன்னுக்கு.

"ரீச்சர், கேள்விப்பட்டன். ஆபிரிக்காவில போய்ச் சாகப் பாத்தீராம். எங்கட பிள்ளையளுக்குச் செய்யலாமே. எங்கட சனம் அங்க என்ன பாடுபடுகுது."

"சண்டையில பூட்டின மன்னார்ப் பாதையைத் திறந்து விடுங்கோ, சவரியண்ணை. நாளைக்கே போறன்."

"அதில்லை, நான் சொல்ல வாறது—"

"இஞ்ச எங்கட பிள்ளையளுக்குச் சனிக்கிழமையில கணக்குச் சொல்லிக் குடுக்கிறன், ஹோலைத் தாங்கோ எண்டு உங்களிட்ட எத்தினை வருஷம் கேட்டன்? நடன வகுப்பு இருக்கு எண்டு சொன்னனீங்கள்."

அவருக்கு முகம் சிவந்தது. மனைவி கையைப் பிடித்துக் கூட்டிப் போனா. பக்கத்தில் நின்ற பெண்கள் தேவாலயக் கூரையை ஆராய்ந்தார்கள்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். அவர் கேட்டதில் ஒரு முள் இருக்கத்தான் செய்கிறது. மன்னாரில் என்னிடம் படித்தவர்களில் எத்தனை பேர் இப்போது எங்கே? தெரியாது. அதற்காக அங்கே என்னிடம் படிக்கிற நேமாவின் வகுப்பைக் கைவிட்டால் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்குமா? கிடைக்காது.

கால் வீக்கம். உப்புத் தண்ணீர்.

ஜூன் 13, புதன்

புழுக்கம். 32 பாகை. அமைப்பின் அலுவலகம், மூன்றாம் மாடி, லிஃப்ட் வேலை இல்லை. ஏறினேன். மூச்சு வாங்காத மாதிரி இரண்டு நிமிடம் வாசலில் நின்று, பிறகு உள்ளே.

டாக்டர் கடிதத்தை மெலனி வாசித்தாள். மிகவும் சந்தோஷம் என்றாள். அப்படியென்றால் ஜூலையில் திரும்பிப் போவதைப் பற்றிப் பேசலாம். அதற்கு முதல் ஒரு சின்ன உதவி. வருகிற புதன் நன்கொடையாளர்களுக்கு ஒரு மாலை நிகழ்ச்சி. நான் ஐந்து நிமிடம் பேச வேண்டும். பேச்சை எழுதியே வைத்திருந்தாள்.

ஒரு பக்கம். மேலே படம். நேமா, வெறுங்காலோடு, கையில் வாளி, சிரிப்பு.

பேச்சில் இருப்பது: நேமா வெறுங்காலோடு பள்ளிக்கு வருகிறாள். பசியோடு வருகிறாள். நான் போகும் வரைக்கும் அவளுக்குக் கூட்டல்கூடத் தெரியாது. இப்போது அவள் கனவு காண்கிறாள். நான் அவளுக்குக் கொடுத்ததைவிட அவள் எனக்குக் கொடுத்தது அதிகம். நன்றி.

உண்மையில் இருப்பது: நேமாவுக்குப் பதினேழு வயது. தகப்பன் சோளம் அரைக்கும் மில் வைத்திருக்கிறார். வகுப்பில் முதலாம் பிள்ளை. நான் போன முதல் கிழமை கரும்பலகையில் ஒரு சமன்பாட்டைத் தீர்த்துக்கொண்டிருந்தேன். பின்வாங்கிலிருந்து எழும்பி, "மேடம், அது சய அல்ல, சக," என்றாள். பார்த்தால் அவள் சரி. கூட்டல் அடையாளம் கழித்தலாக மாறிப்போயிருந்தது. பதினேழு வருடம் கரும்பலகை தொடாத கை. வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். படம் எடுத்த அன்று வகுப்பறை கழுவினோம். எல்லோரும் செருப்பைக் கழற்றியிருந்தோம். நானும்தான். என்னை வெட்டிவிட்டு அவளை மட்டும் வைத்திருக்கிறார்கள்.

இதெல்லாம் பொய் என்றேன் மெலனியிடம்.

"பொய் இல்லை, தெரேஸ். இது ஒரு நேமா அல்ல. எல்லா நேமாக்களும். மக்களுக்கு ஒரு கதை வேண்டும்."

"இது அவளுடைய சொந்தப் பெயர். சொந்த முகம்."

பெயரை மாற்றலாம் என்றாள். முகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பிறகு மெல்ல: புதன்கிழமை நன்றாகப் போனால் உங்கள் ரிக்கற்றை வியாழனே பதியலாம்.

இந்தக் கோடையில் அதே பள்ளிக்கு இங்கிருந்து எட்டு மாணவர்கள் போகிறார்களாம். ஆறு கிழமை. சுவருக்கு நிறம் பூச. அந்தச் சுவர் போன வருடமும் நிறம் பூசின சுவர்.

காகிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்தேன். வாசிக்கிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அதற்கு வெட்கம், இப்போது எழுதும்போதும்.

ஜூன் 15, வெள்ளி

மேல்மாடி ரோஸ்மேன் வந்தாள். ஹெயிட்டிக்காரி. ஃபக்டரியில் என் பக்கத்து மெஷின், பதினொரு வருடம். நான் கொலர், அவள் கை. எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் முக்கால்வாசி அவள் சொல்லித் தந்தது, மீதி மேற்பார்வையாளரின் ஏச்சு.

பேச்சைக் கொடுத்தேன். கண்ணாடி போட்டு வாசித்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"எனக்கு ஏழு வயதில் ஒரு வெள்ளைக்காரர் வந்து படம் எடுத்தார்," என்றாள். "கையில் ஒரு தட்டுத் தந்தார்கள். சோறும் அவரையும். படம் எடுத்து முடிய தட்டை வாங்கி அடுத்த பிள்ளைக்குக் கொடுத்தார்கள். அதே தட்டு."

"நீ சாப்பிட்டாயா?"

"நான் வீட்டில் சாப்பிட்டுத்தான் போனேன். என் அம்மா சமையல்காரி." கண்ணாடியைக் கழற்றினாள். "அந்தப் படம் எங்கே போனது என்று இன்றைக்கும் யோசிப்பேன். யாருடைய சுவரில் நான் பசியோடு நிற்கிறேனோ."

கோப்பியைக் குடித்தாள். "வாசிக்கப் போகிறாயா?"

"வாசிக்காவிட்டால் அனுப்ப மாட்டார்கள்."

"அதை நான் கேட்கவில்லை."

அவள் போனபிறகு சோறு வைத்தேன். அடிப்பிடித்தது.

ஜூன் 17, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. சவரியண்ணைக்குப் பயந்து அல்ல. புதன்கிழமைக்கு என் பேச்சை எழுத இருந்தது.

மூன்று தரம் எழுதிக் கிழித்தேன். முதலாவது நீளம். இரண்டாவது ஏச்சு. மூன்றாவதில் நான் பெரிய ஆள் மாதிரி. நாலாவது ஒரு பக்கம்.

நூலகத்தில் மின்னஞ்சல் பார்த்தேன். பள்ளிக்கூடத்து அதிபர் ஜோசப் எழுதியிருந்தார். அவர் கிழமைக்கு ஒரு தரம் நகரத்துக்குப் பஸ் ஏறி அனுப்புகிற கடிதம். பௌதிக ஆசிரியர் என் வகுப்பைக் கிழமைக்கு ஒரு பாடம் பார்க்கிறாராம். திரிகோண கணிதம் அப்படியே நிற்கிறதாம். பிள்ளைகள் தாங்களாகக் கூடிப் படிக்கிறார்களாம், நேமா கரும்பலகையில். "உங்கள் உடல்நலமே முக்கியம், மேடம்" என்று முடித்திருந்தார். எப்போது வருவீர்கள் என்று கேட்கவில்லை. கேட்காமல் விட்டதுதான் குத்தியது.

அந்த ஆள் சுலபமான ஆள் அல்ல. பெப்ரவரியில் பிரம்பு விஷயத்தில் சண்டை. என் வகுப்பில் பிரம்பு வேண்டாம் என்றேன், இது என் பள்ளிக்கூடம் என்றார். மூன்று கிழமை பேசவில்லை. பிறகு ஒருநாள் தன் மகனின் கணக்குக் கொப்பியைக் கொண்டுவந்து, கொஞ்சம் பாருங்கள் என்றார். பார்த்தேன். பிரம்பு பற்றி அவரும் கதைக்கவில்லை, நானும் கதைக்கவில்லை. என் வகுப்புக்குப் பிரம்பு வரவில்லை.

ஜூன் 20, புதன்

நிகழ்ச்சி முடிந்து வந்து எழுதுகிறேன். ஒன்றும் விடாமல் எழுத வேண்டும்.

பழைய தேவாலயம் ஒன்றை மண்டபம் ஆக்கியிருக்கிறார்கள். நூறு பேர் இருக்கும். வைன், சீஸ். என்னை நீலச் சேலையில் வரச் சொல்லியிருந்தாள் மெலனி, படத்துக்கு நன்றாக இருக்குமாம். சட்டை பாவாடையில் போனேன். அங்கே படிப்பிக்கப் போடுகிற அதே சட்டை.

என் முறை. பின்னால் திரையில் நேமா, வாளியோடு.

பிரெஞ்சில்தான் பேசினேன், ஃபக்டரிப் பிரெஞ்சு. சொன்னது ஏறக்குறைய இது:

என் பெயர் திரேசம்மா. நான் கணக்கு ஆசிரியர். எனக்கு ஒரு பேச்சு எழுதித் தந்தார்கள், அதை நான் வாசிக்கப் போவதில்லை, ஏனென்றால் அது உண்மை இல்லை. இந்தப் பிள்ளைக்குச் செருப்பு இருக்கிறது. நாங்கள் தரை கழுவிக்கொண்டிருந்தோம். இவள் என்னுடைய பிழையைத் திருத்தின பிள்ளை. இவளுக்கு உங்கள் இரக்கம் வேண்டாம். இவளுக்கு வேண்டியது ஒக்டோபர் வரை ஒரு கணக்கு ஆசிரியர். அதற்குப் பிறகு இவளுடைய தம்பிமாருக்கு அங்கேயே இருக்கிற ஒரு ஆசிரியர், வருடா வருடம் வந்து போகிற ஆள் அல்ல. சுவருக்கு நிறம் பூச அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். நன்றாகவும் பூசுவார்கள். இந்தப் படத்தைத் தயவுசெய்து இறக்குங்கள். அந்தப் பிள்ளையிடம் யாரும் கேட்கவில்லை.

அவ்வளவுதான். இரண்டு நிமிடம்கூட இல்லை.

யாரோ ஒரு கிளாஸை மேசையில் வைத்தது கேட்டது. முன்வரிசையில் ஒரு கிழவி, முத்துமாலை போட்டவ, கை உயர்த்தினா. "அப்படியென்றால் எங்களை என்ன செய்யச் சொல்கிறீர்கள்?" கோபமாக இல்லை. அறிய வேண்டும் என்றுதான் கேட்டா.

"அந்த ஊரிலேயே படித்த ஒரு இளைஞன் இருக்கிறான். கணக்கு நன்றாக வரும். பள்ளிக்கூடத்திடம் அவனுக்குக் கொடுக்கச் சம்பளம் இல்லை. அதைக் கொடுங்கள். நாங்கள் போகத் தேவையே வராது."

"நீங்களும்?"

"நானும். அவன் வரும்வரைக்கும் நான்."

கிழவி தலையாட்டினா. மற்றவர்கள் தங்கள் காலணியைப் பார்த்தார்கள். மெலனி வந்து மைக்கை வாங்கினாள், முகம் வெள்ளை, நன்றி சொன்னாள், மேளம் அடிக்கிற ஆட்களைக் கூப்பிட்டாள். படம் இறங்கவில்லை. மேளம் முடியும் வரை நேமா வாளியோடு நின்றாள்.

67 பஸ்ஸில் வந்தேன். நல்ல பசி. வழியில் டெப்பனர் கடையில் ஒரு பாண், ஒரு ரின் மீன். வாங்கி வந்து நின்றபடியே தின்றேன்.

ஜூன் 21, வியாழன்

காலை ஒன்பது. மெலனி. ஒப்பந்தத்தைத் தொடர முடியாதாம். காரணம், உடல்நலம்.

"டாக்டர் கடிதம் உங்களிடம்தான் இருக்கிறது," என்றேன்.

அதற்கு அவள், சர்க்கரை இல்லாத குரலில்: "உங்களால் எத்தனை பேர் நேற்றுக் காசோலை எழுதாமல் போனார்கள் தெரியுமா? அதில் மற்றப் பள்ளிக்கூடங்களும் இருக்கின்றன. அந்தப் பிள்ளைகளை நீங்கள் நினைத்தீர்களா?"

நினைக்கவில்லை. அதுதான் உண்மை. நினைத்திருந்தாலும் வாசித்திருக்க மாட்டேன். அதையும் அவளிடம் சொன்னேன். வைத்துவிட்டாள். அவள் மேல் கோபம் வரவில்லை, அது வேறு எரிச்சல்.

பத்து மணிக்கு நூலகம். அதிபருக்கு எழுதினேன்: அமைப்பு என்னை நிறுத்திவிட்டது. நான் நிற்கவில்லை. என் செலவில் வருகிறேன். அறை இருந்தால் போதும், சாப்பாடு பார்த்துக்கொள்வேன். ஒக்டோபர் சோதனை வரைக்கும். வேண்டாம் என்றால் சொல்லுங்கள். மழுப்ப வேண்டாம்.

அனுப்பின பிறகும் திரையை மூடாமல் இருந்தேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டால்?

ஜூன் 24, ஞாயிறு

சென்-ஜான், இந்த மாகாணத்தின் திருநாள். தெரு முழுக்க நீலக் கொடி. எதிர்வீட்டில் இறைச்சி சுடுகிற புகை. ஷாமினி குழந்தையோடு வந்தாள். ரூபன் கார் நிறுத்த இடம் தேடிப் போனார்.

எல்லாவற்றையும் சொன்னேன். நிகழ்ச்சி, மெலனி, அதிபருக்கு எழுதினது. வீட்டு ஒப்பந்தத்தை ரோஸ்மேனின் தங்கைக்கு மாற்றிக் கொடுக்கப் போவது.

"வீட்டையும் விடப் போறீங்களோ?"

"ரிக்கற் எடுக்க வேணுமே. ஆள் இல்லாத வீட்டுக்கு ஏன் வாடகை?"

"அப்ப நான்? எலினா?"

"நவம்பர் முதல் கிழமை வந்திடுவன். பேந்து garderie-யில இடம் கிடைக்கிற வரைக்கும் நான் பாக்கிறன். செப்ரெம்பரும் ஒக்டோபரும்தான்."

"அந்த ரெண்டு மாசம்?"

"அந்தப் பிள்ளைக்குத் தகப்பன் ஒருத்தர் இருக்கிறார். அவரிட்டக் கேக்க முதல் என்னட்டக் கேட்டனீ."

அவள் எழும்பினாள். குழந்தையை இடுப்பில் மாற்றினாள். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நல்லம்.

"அம்மா, எனக்குக் கணக்கு ஓடாமல் ரெண்டு தரம் ஃபெயில் விட்டனான். ஞாபகம் இருக்கோ? பள்ளிக்கூடத்தில பின்னேரம் ஒரு மேடம் வச்சுச் சொல்லித் தந்தவ. எங்கட வீட்டில ஒரு கணக்கு ரீச்சர் இருந்தவ. எனக்கு நீங்கள் ஒரு நாளும் படிப்பிக்கேல்லை."

அப்போதெல்லாம் ஃபக்டரி விட்டு வந்தால் விரல் மடங்காது. கொப்பியைக் காட்டுவாள். நாளைக்குப் பாப்பம் என்பேன். அவளுக்குப் பிரெஞ்சில் பாடம், எனக்கு அந்தச் சொற்கள் தெரியாது, தெரியாது என்று சொல்ல வெட்கம். சொல்லாமலே வளர்ந்துவிட்டாள்.

"ஓம்," என்றேன். "படிப்பிக்கேல்லை."

வேறு ஏதாவது சொல்வேன் என்று நின்றாள். மன்னிப்புக் கேட்டால் அது வீட்டில் நிற்பதற்கான கையெழுத்து மாதிரி ஆகிவிடும் என்று பட்டது. கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். கேட்டுவிட்டும் போயிருக்கலாம். அது அப்போது தோன்றவில்லை.

ரூபன் இடம் கண்டுபிடித்து மேலே வரும்போது அவர்கள் படியில் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஜூன் 26, செவ்வாய்

அதிபரின் பதில். நாலு வரி.

அறை இருக்கிறது. சம்பளம் தர முடியாது, அது உங்களுக்குத் தெரியும். உங்கள் வேலை அனுமதிப் பத்திரம் பள்ளிக்கூடத்தின் பெயரில்தான் இருக்கிறது, டிசம்பர் வரை செல்லும், மாவட்ட அலுவலகத்தில் நேரே போய்க் கேட்டுவிட்டேன். நான்காம் படிவத்தின் நேரசூசியில் உங்கள் பாடத்தை நான் அழிக்கவேயில்லை.

நூலகத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். காவலாளி பார்த்தான்.

ரிக்கற் பதிந்தாயிற்று. ஜூலை 6, வெள்ளி.

ஷாமினிக்கு எடுத்தேன், அவள் எடுக்கவில்லை. செய்தி விட்டேன்: "அம்மா கதைக்கிறன். ஆறாம் திகதி போறன். நீ சொன்னது சரி. அதுக்கு மன்னிச்சுக்கொள். ஆனால் போறன்." மெஷின் பீப் என்றது. பாதியில் வெட்டுப்பட்டதோ தெரியாது.

ஜூலை 1, ஞாயிறு

நகரம் முழுக்க வீடு மாறுகிற நாள். நடைபாதையெல்லாம் கட்டில், மெத்தை, ஃபிரிட்ஜ். என் சாமான்களும் அதற்குள். சோஃபாவை ஒரு குடும்பம் தூக்கிப் போனது, ஏழாவது நிமிடம். மேசை ரோஸ்மேனுக்கு. தையல் மெஷினும் அவளுக்கு. "நீ திரும்பி வந்தால்?" என்றாள். வந்தாலும் கொலர் தைக்க மாட்டேன் என்றேன்.

இரண்டு பெட்டி மட்டும்.

ஒன்றில்: உடுப்பு, மாத்திரை ஆறு மாதத்துக்கு, நுளம்பு வலை இரண்டு, கண்ணாடி உபரி.
மற்றதில்: கவராயம் ஐம்பது, பாகைமானி ஐம்பது, நிறச் சோக்கட்டி, மடக்கை அட்டவணை. மன்னாரில் நாங்கள் பாவித்த அதே நான்கு இலக்க அட்டவணைதான் அங்கேயும். முதல் நாள் அதைக் கண்டபோது கையில் எடுத்து மணந்து பார்த்தேன், பிள்ளைகள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள்.

இன்றிலிருந்து வெள்ளி வரை ரோஸ்மேன் வீட்டுச் சோஃபாவில். முதுகு நோகும். நோகட்டும்.

ஜூலை 3, செவ்வாய்

இடி மழை. பின்னேரம் ரூபன் போன் எடுத்தார். அவர் எனக்குத் தானாக எடுத்தது கல்யாணத்துக்குப் பிறகு இதுதான் இரண்டாம் தரமோ மூன்றாம் தரமோ.

"மாமி, வேலையில கதைச்சிட்டன். செப்ரெம்பரில இருந்து பின்னேர ஷிஃப்ட். பகல் பிள்ளையை நான் பாப்பன்."

"ஷாமினி என்ன சொல்லுறா?"

"அவ ஒண்டும் சொல்லேல்ல. எனக்கு டயப்பர் மாத்தத் தெரியாதெண்டு மட்டும் சொன்னவ."

"தெரியுமோ?"

"இல்லை, மாமி. நாளையில இருந்து பழகுறன்."

பாவம், நல்ல மனுஷன். இத்தனை வருடம் நான் இவரோடு ஹொக்கி தவிர வேறு கதைத்ததில்லை. ஹொக்கியும் எனக்குத் தெரியாது.

ஷாமினியைத் தரச் சொல்லிக் கேட்கவில்லை. பக்கத்தில் நின்றிருப்பாள், மூச்சுக் கேட்டது.

ஜூலை 6, வெள்ளி

விமான நிலையம். நாற்பது நிமிடம் இருக்கிறது.

டாக்ஸிக்குச் சொல்லியிருந்தேன். கீழே இறங்கினால் ஷாமினியின் கார், ஹஸார்ட் விளக்கு மினுக்கியபடி. டாக்ஸியை அவளே அனுப்பிவிட்டாள். பெட்டியைத் தூக்கி வைத்தாள். "என்ன இது, இரும்போ?" கவராயம் என்றேன்.

நெடுஞ்சாலையில் வேலை நடக்கிறது, ஊர்ந்து போனோம். வானொலி. விமான நிலையத்துக்குத் திரும்புகிற இடத்தில் கேட்டாள்:

"அந்தப் பிள்ளையள் பாஸ் பண்ணாட்டி?"

"பண்ணாட்டிப் பண்ணேல்லை. நான் படிப்பிச்சிருப்பன்."

"உங்களுக்கு அது காணுமோ?"

"எனக்குக் காணும். அதுகளுக்குக் காணாது. அதுதான் போறன்."

இறங்கும் இடத்தில் மூன்று நிமிடம்தான் நிற்கலாம், பொலிஸ் கை காட்டிக்கொண்டு நின்றான். பெட்டியை இறக்கினாள். கட்டிப்பிடிக்கவில்லை. என் சட்டைக் கொலரைச் சரி செய்தாள், ஒரு பக்கம் உள்ளே மடங்கியிருந்தது.

"மெலிஞ்சு வயக்கெட்டுப் போனீங்கள். ஒழுங்காச் சாப்பிடுங்கோ."

"ஓம்."

"மாத்திரை."

"ஓம்."

"நவம்பர் வராட்டி நான் வந்து கூட்டிக்கொண்டு வருவன்."

"வா. நேமாவைக் காட்டுறன்."

சிரிக்கவில்லை. பொலிஸ் விசில் அடித்தான். போய்விட்டாள்.

திங்கள், முதல் பாடம், காலை 8.00. திரிகோண கணிதம் மூன்று கிழமைக்குள் முடிக்க வேண்டும், பிறகு நிகழ்தகவு. சனிக்கிழமை மேலதிக வகுப்பு, அதிபர் என்ன சொன்னாலும். விமானம் ஏற முதல் இருபது கேள்வி எழுதலாம் என்று கொப்பியை எடுத்தேன். மூன்று எழுதியிருக்கிறேன். பக்கத்துச் சீட்டு மனிதர் எட்டிப் பார்க்கிறார், பார்க்கட்டும். நாலாவது கொஞ்சம் கடினமாக வேண்டும், நேமா சுலபமாக விட மாட்டாள்.

என் வரிசை எண்ணைக் கூப்பிடுகிறார்கள்.